ஏரியில் ஒரு வரிப்புலி

(வாஷிங்டன் மாநிலத் தமிழ் அன்பர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாநிலத்தின் ஏரி எதிலாவது டைகர் மஸ்கி என்ற மீனைப் பார்த்தீர்கள் என்றால், அது அந்த ஏரியில் பிறக்கவில்லை என்று தயங்காமல் சொல்லிவிடலாம். பொரிப்பகத்துத் தொட்டியில் வளர்ந்து, லாரியில் வந்து, ஒருவர் கையால் தண்ணீரில் விடப்பட்ட மீன் அது. பக்கத்தில் நீந்தும் இன்னொன்றும் அப்படி வந்ததுதான். அவை இரண்டும் சேர்ந்து அந்த ஏரிக்கு ஒரு குஞ்சைக்கூடத் தரப்போவதில்லை. ஒன்று செத்தால் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான். இன்னொரு லாரி வந்தால்தான் அந்த இடம் நிரம்பும்.

இந்த மீனைக் கயாக்கில் போய்ப் பிடிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பிடிப்பதைப் பற்றியும் சொல்வேன். ஆனால் என் நேரத்தில் பெரும்பகுதி, பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுவதிலும், பிடிக்கப் போனவர் உயிரோடு கரை திரும்புவதிலும்தான் செலவாகும். சொல்ல வேண்டியது அங்கேதான் அதிகம் இருக்கிறது என்பது என் தீர்மானமான எண்ணம்.

முதலில் மீனைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் பேரேரிகள், செயின்ட் லாரன்ஸ் ஆறு, ஒஹாயோ ஆறு, மிசிசிப்பியின் மேல்பகுதி ஆகியவற்றுக்குச் சொந்தக்காரன் மஸ்கலஞ்ச். சுருக்கமாக மஸ்கி. அதன் பங்காளி நார்தர்ன் பைக். பைக் இந்தக் கண்டத்தில் மட்டுமன்றி ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் பரவிக் கிடக்கிறது. இரண்டும் ஈசாக்ஸ் என்ற ஒரே பேரினம். நீண்ட உடல், வாத்தின் அலகுபோல் தட்டையான வாய், வாய் நிறையப் பல். முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அமைப்பு எதற்கு என்றால், அசையாமல் நின்று ஒரே பாய்ச்சலில் இரையைக் கவ்வுவதற்கு. துரத்தி ஓடிப் பிடிக்கும் மீன்கள் இல்லை இவை. பாசிக் கொடிகளுக்குள் மறைந்து நிற்பவை.

ஏரியில் பனிக்கட்டி உருகியவுடன் பைக் முட்டையிடும். தண்ணீர் இன்னும் கொஞ்சம் சூடான பிறகு, ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து மஸ்கி முட்டையிடும். இரண்டும் ஒரே நீரில் வாழும் இடங்களில் சில ஆண்டுகள் இந்தக் காலக்கணக்கு ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். அப்போது இயற்கையாகவே பிறக்கும் கலப்பினம்தான் டைகர் மஸ்கி. வெளிறிய உடலில் மேலிருந்து கீழாகக் கருமையான, நெளிந்த பட்டைகள் ஓடும். பார்த்தவர்கள் புலி என்று சொன்னதில் வியப்பே இல்லை. விஸ்கான்சினுக்கும் மிஷிகனுக்கும் எல்லையில் இருக்கும் லாக் வியூ டெசர்ட் ஏரியில் 1919இல் பிடிபட்ட டைகர் மஸ்கியின் எடை 51 பவுண்டு 3 அவுன்ஸ், அதாவது 23 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நூறாண்டு தாண்டியும் உலக சாதனைப் பட்டியலில் அதுவே நிற்கிறது. யாரும் வளர்த்து விட்டதில்லை, தானாகப் பிறந்தது.

பொரிப்பகங்களில் பெண் மஸ்கியின் முட்டையோடு ஆண் பைக்கின் விந்தைச் சேர்த்து இந்தக் கலப்பை உண்டாக்குகிறார்கள். சுத்த மஸ்கிக் குஞ்சு வளர்ப்பவரைப் படாத பாடு படுத்தும். உயிருள்ள இரை கேட்கும். கலப்புக் குஞ்சு தீவனக் குருணையைத் தின்னப் பழகிக்கொள்ளும். வேகமாக வளரும், சூட்டையும் தாங்கும். மீன்வளத் துறையினருக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்த குணம், அது மலடாக இருப்பது. அது ஏன் என்று சொல்வதற்கு நம் மாநிலத்து மேஃபீல்டு ஏரியின் கதைக்குப் போக வேண்டும்.

ரெய்னியர் மலையின் பனியாறுகளிலிருந்து இறங்கி வருவது கௌலிட்ஸ் ஆறு. சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் கடலிலிருந்து ஏறி வந்து முட்டையிட்ட ஆறு. அந்த ஆற்றோடு வாழ்ந்த கௌலிட்ஸ் பழங்குடி மக்களின் பெயரும் ஆற்றின் பெயரும் ஒன்றுதான். டகோமா நகராட்சி மின்சாரத்துக்காக இதில் அணை கட்ட முனைந்தபோது மாநில அரசே எதிர்த்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1958இல் நகராட்சி வென்றது. 1963இல் மேஃபீல்டு அணை எழுந்தது. 1968இல் அதற்கு மேலே மாஸிராக் அணை. இன்று சால்மன்களைக் கீழே பொறி வைத்துப் பிடித்து, தொட்டி லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடுகிறார்கள்.

ஓடிய தண்ணீர் தேங்கியபோது சில மீன்களுக்கு அது ஆகாத காலமானது, சில மீன்களுக்கு நல்ல காலம் பிறந்தது. நல்ல காலம் வாய்த்தவற்றுள் ஒன்று நார்தர்ன் பைக்மின்னோ. பெயரில் பைக் இருந்தாலும் பைக்குக்கு உறவில்லை, கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தப் படுகையின் பூர்விக மீன்தான். தேங்கிய நீரில் பெருகி, ட்ரவுட், சால்மன் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கியது. அதைக் குறைக்க ஒரு பெரிய வாய் வேண்டும், அந்த வாய் தானே பெருகிப் புதிய தொல்லையாகிவிடக் கூடாது. 1988இல் மேஃபீல்டில் டைகர் மஸ்கியை விட்டார்கள். மாநிலத்திலேயே முதல்முறை. பிறகு லூயிஸ் ஆற்றில் உள்ள மெர்வின் ஏரி, சியாட்டிலுக்குத் தெற்கே லேக் டாப்ஸ், ஸ்போகேன் பக்கத்தில் நியூமன் ஏரியும் சில்வர் ஏரியும், குவின்சி அருகே எவர்கிரீன், வடகிழக்கு மூலையில் கர்லூ ஏரி. மாநில சாதனை கர்லூவில் 2014இல் பிடிபட்டது, 37.88 பவுண்டு.

ஒரு அணையைக் கட்டினோம், அதனால் ஒரு மீன் பெருகியது, அதைக் குறைக்க இன்னொரு மீனை உண்டாக்கினோம். இந்தச் சங்கிலியை நினைத்தால் எனக்குப் பெருமிதம் வருவதில்லை. ஆனாலும் கடைசிக் கண்ணியில் ஒரு நிதானம் தெரிகிறது. லாரியை நிறுத்தினால் சில ஆண்டுகளில் டைகர் மஸ்கி அந்த ஏரியிலிருந்து மறைந்துவிடும். திரும்பப் பெற்றுக்கொள்ளக்கூடிய முடிவு அது. தகப்பன் வழியைப் பாருங்கள். பைக்கை இந்த மாநிலம் தடைசெய்யப்பட்ட உயிரினமாக அறிவித்திருக்கிறது. பென்ட் ஓரேய் ஆற்றில் அது பெருகியபோது கலிஸ்பெல் பழங்குடியினர் 2012 முதல் வலை போட்டு அள்ளினார்கள். ரூஸ்வெல்ட் ஏரியிலும் அது புகுந்தது. கொல்வில் பழங்குடியினர் அதன் தலைக்குப் பணம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். அங்கிருந்து இன்னும் கீழே இறங்கி, சால்மன் ஏறிவரும் பகுதிக்குள் நுழைந்துவிடுமோ என்பதுதான் எல்லோருக்கும் பயம். தமிழ்நாட்டில் ஏரி குளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நாம் ஜிலேபி மீன் என்கிறோமே, அந்தத் திலாப்பியா, 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத குளத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெருகும் மீனை விடுவதற்கும் பெருகாத மீனை விடுவதற்கும் உள்ள வேறுபாடு அத்தனை பெரியது.

இந்த மீனைத் தேடிப் போக எத்தனையோ படகுகள் இருக்கக் கயாக் எதற்கு? ஆர்க்டிக் கரையில் இன்யூட், யூப்பிக், உனங்கன் மக்கள் மரச்சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திக் கட்டிய ஒற்றை ஆள் படகு அது. உறங்கும் கடல்நாயின் பக்கத்தில் சத்தமில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே உருவான வடிவம். இன்றைய பிளாஸ்டிக் கயாக்கில் தோலும் இல்லை, கடல்நாயும் இல்லை, ஆனால் அந்த அரவமின்மை அப்படியே இருக்கிறது. முழங்கால் ஆழத்துப் பாசித் திட்டின்மேலும் அது வழுக்கிக்கொண்டு போகும். 1997இல் ஹோபி நிறுவனம் மிதித்து ஓட்டும் மிராஜ் டிரைவைக் கொண்டுவந்த பிறகு மீன்பிடிப்பவரின் இரண்டு கையும் விடுதலை பெற்றன. காற்றடிக்கும் ஏரியில், துடுப்பைக் கீழே வைக்காமல் தூண்டில் வீச முடியாமல் தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. கயாக்கில் உட்கார்ந்தால் உங்கள் இடுப்பு ஏறக்குறைய நீர்மட்டத்தில் இருக்கும். மஸ்கி வேட்டையின் முக்கியமான கணம் படகின் விளிம்பில்தான் நடக்கிறது. மஸ்கிக்கு ஒரு வழக்கம். போலி இரையைப் பின்தொடர்ந்து வரும், படகு வரை வரும், கவ்வாது. ஒரு முழம் பின்னால் நிழல்போல் வந்து நின்று பார்க்கும். பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று மஸ்கியைப் பற்றி அமெரிக்கத் தூண்டில்காரர்கள் சொல்வது இதனால்தான். எனவே இரை படகருகே வந்ததும் அதைத் தூக்கிவிடக் கூடாது. கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, எட்டு என்ற எண்ணை அகலமாக எழுதுவதுபோல் இரையைச் சுழற்ற வேண்டும். திருப்பம் அகலமாக இருக்கட்டும். நீளமான மீன், குறுகிய வளைவில் அதனால் திரும்ப முடியாது. வெளி வளைவில் இரை வேகமெடுக்கும்போதுதான் பெரும்பாலும் கவ்வும்.

பெரிய படகின் மேல்தளத்தில் நின்று இதைச் செய்பவருக்கு மீன் கீழே எங்கோ நடப்பதுபோல் தெரியும். கயாக்கில் அது கைக்கெட்டும் தூரத்தில், முழங்காலுக்குப் பக்கத்தில் நடக்கிறது. செவுள் விரிவதைப் பார்க்கலாம், கண் இரையோடு சேர்ந்து திரும்புவதைப் பார்க்கலாம். அந்த மீன் கவ்வாமல் மெல்ல இறங்கி மறைந்தாலும், அந்த ஒரு பார்வைக்காகப் போன நாள் வீணாகாது. மீனே கையில் சேராத நாளில்தான் இந்த வேட்டையின் சுவை எனக்கு முழுதாகப் பிடிபட்டது. பாசிக்கட்டின் வெளி விளிம்பு, திடீரென ஆழம் இறங்கும் இடம், மூழ்கிய மரக்கட்டைகள், பைக்மின்னோவும் சக்கர் மீன்களும் கூட்டமாகத் திரியும் ஆற்றுமுகம், இவற்றைத் தேடிப் போனால் போதும். நம் பகுதியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். தண்ணீர் 20 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும்போது மீன் சுறுசுறுப்பாக இருக்கும்.

கருவிகள் என்று வந்தால், மெல்லிய தூண்டில் நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பதே வீரம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. மெல்லிய நரம்பு என்றால் போராட்டம் நீளும், நீண்ட போராட்டத்தில் களைத்த மீன் நீங்கள் விட்ட பிறகு ஆழத்தில் போய்ச் செத்துப்போகும். நீங்கள் அதைப் பார்க்கக்கூட மாட்டீர்கள். பின்னிய நரம்பு 65 அல்லது 80 பவுண்டு தாங்குவதாக இருக்க வேண்டும். அதன் முனையில் எஃகுக் கம்பியோ 100 பவுண்டுக்குக் குறையாத தடித்த ஃப்ளோரோகார்பனோ வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பல்லில் நரம்பு அறுந்து, மும்முள்ளை வாயில் சுமந்தபடி மீன் போய்விடும்.

மீன் மாட்டியதும் கயாக் இழுபடும். மிதக்கும் படகே ஒரு பிரேக்காக வேலை செய்வதால் மீன் விரைவில் அடங்கும். கோல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் எடை ஒரு பக்கம் சாயும். முன்முனையை நோக்கிக் கோலைக் கொண்டுபோங்கள், படகு தானே மீனைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அடியில் புகுந்து மறுபக்கம் போனால் முன்முனையைச் சுற்றிக் கோலை எடுத்துச் செல்ல வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது.

மீன் வலைக்குள் வந்த பிறகு பலர் செய்யும் காரியம்தான் எனக்கு வலிக்கிறது. தூக்கி மடியில் போடுகிறார்கள். மீன் துள்ளுகிறது, வழவழப்பான மேற்பூச்சு பிளாஸ்டிக்கில் உரசிப் போகிறது, செவுள் காற்றில் காய்கிறது, முள் ஒன்று மீனின் வாயிலும் இன்னொன்று மனிதன் தொடையிலும் ஏறுகிறது. இது எதற்கும் அவசியமில்லை. ரப்பர் பூசிய, ஆழமான வலையை வாங்குங்கள். மீனை அதில் ஏற்றிப் படகின் பக்கத்தில், தண்ணீருக்குள்ளேயே வையுங்கள். அங்கே அதற்கு மூச்சு இருக்கும், உங்களுக்கு நேரம் இருக்கும். நீண்ட குறட்டால் முள்ளைக் கழற்றுங்கள். வராவிட்டால் போராடாதீர்கள், முள்ளைத் துண்டிக்கும் கட்டரால் வெட்டிவிடுங்கள். முள் காசு கொடுத்தால் கிடைக்கும். முட்களின் எதிர்ப்பல்லை வீட்டிலேயே நசுக்கிவிட்டு வந்தால் வேலை இன்னும் எளிது. குறடு, கட்டர், வலை எல்லாவற்றையும் சிறு கயிற்றால் படகோடு பிணைத்து வையுங்கள். கோலை உங்கள் உடம்போடு மட்டும் ஒருபோதும் கட்டாதீர்கள்.

படம் எடுக்க வேண்டுமா? கேமராவைத் தயார் செய்துவிட்டு, நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு மீனைத் தூக்குங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது மீனுக்கும் முட்டுகிறது, உடனே இறக்கிவிடுங்கள். ஒரு கை செவுள் மூடியின் உட்பக்கம், செவுளைத் தொடாமல். மறு கை வயிற்றுக்குக் கீழே. செங்குத்தாகத் தொங்கவிட்டால் அத்தனை எடையும் தாடையிலும் முதுகெலும்பிலும் விழும். பிறகு வாலடியைப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள். உங்கள் கையை உதறிக்கொண்டு அது போகும் வரை அவசரப்படாதீர்கள். தண்ணீர் 27 பாகையைத் தாண்டிய நாளில் மஸ்கிக்குத் தூண்டில் போடவே வேண்டாம். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, களைத்த மீன் தேறுவது கடினம். இங்கே சட்டம் 50 அங்குலத்துக்குக் குறைந்த டைகர் மஸ்கியை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. 50 அங்குலம் என்றால் நாலடிக்கு மேல். ஆக, நீங்கள் பிடிக்கப்போகும் ஏறக்குறைய எல்லா மீனையும் விட்டே ஆக வேண்டும். விடத் தெரியாதவர் பிடிக்கக் கற்றுப் பயனில்லை.

அடுத்துச் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். கரையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். நம்மவர்கள் பருத்திச் சட்டையோடு, லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்குப் பின்னால் செருகிவிட்டு இறங்குவதைப் பார்க்கிறேன். இந்த ஏரிகளில் சிலவற்றுக்குத் தண்ணீர் வருவது பனிமலையிலிருந்து. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சே உங்கள் வசம் இருக்காது. அடுத்த பத்து நிமிடம் வரைதான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். அதன்பின் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். குளிர்நீர்ப் பாதுகாப்பு வகுப்புகளில் ஒன்று, பத்து, ஒன்று என்று மனப்பாடம் செய்ய வைக்கும் கணக்கு இது. அந்த முதல் நிமிடத்தில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும் ஜாக்கெட்டை எட்டிப் பிடித்து, மாட்டி, கொக்கி போட்டுக்கொள்ள யாராலும் முடியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதுதான் நிலை. வெயிலைப் பார்த்து உடுத்தாமல் தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்துங்கள். சிறு படகுகளில் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும் என்பது இந்த மாநிலத்தின் சட்டம். பெரியவர்களுக்குச் சட்டம் படகில் ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும் என்கிறது. போதாது என்கிறேன் நான்.

இந்த மீனுக்கென்று ஊர் ஊராக ஆட்கள் இருக்கிறார்கள். மஸ்கீஸ் இன்கார்ப்பரேட்டட் என்ற அமைப்பின் கிளை நம் மாநிலத்திலும் இயங்குகிறது. புதிதாக வருபவருக்கு ஏரியையும் கருவியையும் காட்டித்தரத் தயங்காதவர்கள். தனியாகப் போய்த் தட்டுத் தடுமாறுவதைவிட அவர்களோடு ஒரு நாள் போய்வருவது நல்லது. 15 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு பொரிப்பகத்துத் தொட்டிகளுக்கும் போகிறது.

அடுத்த கோடையில் மேஃபீல்டுக்கோ டாப்ஸுக்கோ போக நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போனால் போலி இரைகள் வண்ண வண்ணமாகத் தொங்கும், கை அங்கேதான் முதலில் போகும். அதற்கு முன் லைஃப் ஜாக்கெட், ரப்பர் வலை, நீண்ட குறடு, கட்டர் நான்கையும் வாங்கிவிடுங்கள். பிறகு ஒரு வெதுவெதுப்பான நாளில், கரையோரம், துணைக்கு ஒருவரை நிறுத்திக்கொண்டு, கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்து, தண்ணீரிலிருந்து அதில் திரும்ப ஏறிப் பழகுங்கள். யார் உதவியும் இல்லாமல் ஏற வந்துவிட்டது என்றால், தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.